குதிகாலுக்கு ஒரு சிரட்டைப் பால்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் எங்கே எது வரவேண்டும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதிலும் பாதி எழுத்தைச் சிலேட்டில் பழகவில்லை, என் காலில் பழகினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

காலில் பழகினேன் என்றது உண்மைதான். தை பிறந்ததும் கஹவத்தைப் பக்கத்து எங்கள் ரப்பர் மலையில் இலையெல்லாம் சிவந்து கொட்டிவிடும். விடியலில் பனி, பகலில் காய்ந்த காற்று. பிள்ளைகளின் கைகால் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துப்போகும். நகத்தால் கீறினால் வெள்ளையாக எழுத்து விழும். எங்கள் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அ, ஆ எழுதுவேன். அம்மா தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் பாடம் முழுதும் அழிந்துவிடும்.

பெண்களுக்குத் தலைமுடி தேங்காய்த் தும்பு மாதிரி ஆகிவிடும். செம்பருத்தி இலையைக் கசக்கி, தேங்காய்ப்பாலோடு தலையில் ஊறவிட்டு, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் போய்க் குளித்துவிட்டு வருவார்கள். உதட்டுக்கு எண்ணெய் தடவுவார்கள். குதிகால் வெடிப்புக்கு மட்டும் எண்ணெய் போதாது. அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரே மருந்து, பால். எங்கள் தோட்டத்தில் பால் என்றால் ரப்பர்ப் பால்தான். குடிக்கிறதைத்தான் மாட்டுப்பால் என்று தனியாகச் சொல்வோம். அன்று வெட்டிய பாலை வெடிப்பில் விட்டுக் காயவைத்தால் தோல்போல மூடிக்கொள்ளும். மண் புகாது, எரியாது. ஆனால் இலை கொட்டும் காலத்தில் பால்வெட்டை நிறுத்தி மரத்துக்கு லீவு விட்டுவிடுவார்கள். கால் வெடிக்கிற காலத்தில்தான் மருந்து கிடைக்காது.

அந்தக் காலத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. அம்மாவோடு மலைக்குப் போய்ப் பால் வெட்டுகிறவள். முதலில் வந்தவர்கள் வடை தின்றுவிட்டு, “பொண்ணு லட்சணந்தான். காலப் பாத்தாத்தான் மலையில வேல செய்யிற பொண்ணுன்னு தெரியுது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. “என் தங்கச்சியாவது மரத்தடிய விட்டுப் போகட்டும்னு பாக்குறேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவின் தம்பியான என் மாமா அப்போது எங்கள் வாசலில்தான் நின்றார். அவரும் பால் வெட்டுகிறவர். அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு இரத்தினபுரியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர்கள் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தை வாரம் முழுதும் குதிகாலைக் கல்லில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க இரத்தம்தான் வந்தது. “இதோட போய் தேத்தண்ணி குடுத்தா, இவங்களும் வடையத் தின்னுட்டுப் போயிருவாங்க அண்ணி” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

ஞாயிறு காலை நான் பின்வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமா கையில் பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டை ஒன்றோடு வந்தார். அதில் பாதிக்கு வெள்ளை வெளேரென்று பால்.

“அக்கா, இத அதுகிட்ட குடு.”

மாமா அத்தையை ‘அது’ என்றுதான் சொல்வார். பெயர் சொல்லமாட்டார்.

அம்மா சிரட்டையைப் பார்த்தாள். “மரமெல்லாம் லீவுல நிக்குது. பால் ஏதுடா?”

“மரத்துக்கிட்ட கேட்டேன். குடுத்துச்சு.”

“கங்காணி பாத்தா ஒன்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாருடா.”

“சேறு பூசி மறச்சுட்டேன். ஒறையுறதுக்குள்ள போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா சிரட்டையைப் பிடித்தபடி அவர் போன வழியையே பார்த்தாள். பால் உறைந்துவிடும் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

அத்தையைப் பலகையில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, அம்மா வெடிப்பில் பால் விட்டாள். கமுகம்பாளையால் விசிறுவது என் வேலை. காய்ந்ததும் மேலே மஞ்சள் பூசினாள் அம்மா. குதிகால் கோயில் அம்மனுடையதைப்போல ஆகிவிட்டது. ரப்பர் நாற்றம் மட்டும் போகவில்லை. ஊதுபத்தியைக் கட்டாகக் கொளுத்தினோம்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மாதான் பெரிய ஆள். மூக்கைச் சுளித்து, “என்னமோ வாசம் வருதே” என்றார்.

“ரப்பர் மலைங்க. காத்துல வருது” என்றாள் அம்மா. மரத்துக்கு லீவு என்பது பாத்திரக்கடைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தை தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்த அம்மா அவள் காலையே பார்த்தார். பிறகு வெற்றிலையை எடுத்தார். கல்யாணம் பேசி முடிந்தது. அப்பா அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையாக நின்றபோது, கங்காணி ஒரு சேற்றுக் கட்டியோடு வந்தார். சேற்றை மீறிக் கசிந்த பால் அதில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. அவர் சிங்களமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

“மேக்க மொக்கத? என்னடா இது? லீவு மரத்த வெட்டுனது யாரு?”

மாமா முன்னால் போய் நின்றார். “நாந்தாங்க. குதிகாலு வெடிச்சிருச்சு. அதுக்குப் பூசத்தான்.”

“எங்க, காலத் தூக்கு.”

மாமா திரும்பி நின்று காலைத் தூக்கினார். குதிகால் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. ஒரு சொட்டுப் பால்கூட அதில் இல்லை.

“பூசவே இல்லையேடா!”

“இனிமேத்தாங்க பூசணும்.”

களம் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தூக்கிய அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணி மாமாவைப் பால்வெட்டிலிருந்து எடுத்து, அந்த வருசம் முழுதும் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போட்டார். ஒரு சிரட்டைப் பாலை வாங்கித் தன் காலுக்குப் பூசிக்கொள்ளக்கூடத் தெரியாத ஆளாக இருக்கிறாரே என்று எனக்கு மாமாமேல் கோபம் கோபமாக வந்தது.

சில நாளில் அத்தையின் குதிகாலிலிருந்து அந்தப் பால் உரிந்து வந்தது. கிழியாமல், மஞ்சள் நிறத்தில், ஒரு சின்னக் கிண்ணம்போல வந்தது. உள்ளே வெடிப்பெல்லாம் கோடு கோடாக அச்சு விழுந்திருந்தது. அத்தை அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “இந்தா, பந்து செய்ய வச்சுக்க” என்று என்னிடம் கொடுத்தாள். வெட்டிய இடத்தில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் வழக்கம்.

அதை மாமாவிடம் காட்டினேன். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். வாங்கி, துண்டில் முடிந்துகொண்டார்.

“பந்து செஞ்சு தருவீங்களா மாமா?”

“ஆமாடா மருமகனே. பந்துதான்.”

சித்திரையில் அத்தை கல்யாணமாகி இரத்தினபுரிக்குப் போனாள். மரங்கள் துளிர்த்துப் பால்வெட்டும் தொடங்கியது. பந்து எங்கே என்று மாமாவைக் கேட்பேன். “அதுக்கு மேல சுத்த ஒட்டுப்பால் இன்னும் சேரலடா” என்பார். மலை முழுதும் மரத்துக்கு மரம் ஒட்டுப்பால் தொங்கியது. எடுத்துச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? என் மாமாவைப்போல ஒரு சோம்பேறி இந்தத் தோட்டத்திலேயே கிடையாது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எழுதி முடித்தது தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இலை கொட்டும் நாளில்.