எல்லாக் கடைக்கும் ஒரே நம்பர்

அமிர்தராஜ் இறந்த பிறகும் அவருடைய போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அருப்புக்கோட்டையில் அவர் முதலில் வைத்திருந்தது ஒரு பிரவுசிங் சென்டர். ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் அங்கே ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. கடையை மூடவில்லை, தொழிலை மாற்றினார். படித்தது பி.ஏ. வரலாறு. வீடியோ பார்த்து இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். சேலைக்காரர்கள், காராச்சேவு போடுகிறவர்கள், பரளச்சியில் கொத்தமல்லி மூட்டை பிடிக்கிறவர், திருச்சுழிப் பக்கம் கரி வியாபாரம் செய்கிறவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அச்சுத்தான். மேலே கடைப் பெயர், நடுவில் சரக்கின் படம், கீழே பச்சை நிறத்தில் போன் நம்பர்.

அந்த நம்பர் கடைக்காரருடையது அல்ல. அமிர்தராஜுடையது.

ஆரம்பத்தில் கடைக்காரர்களின் நம்பரைத்தான் போட்டார். யாரும் எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்றால் லோன் தருகிறவன் என்று துண்டித்துவிடுவார்கள். தறிக்கூடத்திலோ போன் அடிப்பதே காதில் விழாது. விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலே கேட்காது. பார்த்தார் அமிர்தராஜ். எல்லா இடத்திலும் தன் நம்பரையே போட்டுவிட்டார். தர்மபுரியிலிருந்து சேலை கேட்டு யாராவது கூப்பிட்டால், "லைன்லயே இருங்க, தறிக்கூடத்துல குடுக்கேன்" என்பார். வண்டியை உதைத்துக் கிளம்பி, தறிக்கூடத்துக்குள் நுழைந்து, ஓனரை வெளியே இழுத்து வந்து போனைக் காதில் வைப்பார். அருப்புக்கோட்டையில் அமிர்தராஜ் என்று ஒரு பெரிய முதலாளி இருக்கிறார், சேலையும் விற்கிறார், கரியும் விற்கிறார் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊர்ல உள்ள கடைக்கெல்லாம் நீங்கதான் போன் எடுக்கணும்னு எந்த வேதத்துல எழுதிருக்கு? சோத்துல கை வச்சா போதும், அடிச்சிருது" என்பார் மனைவி அற்புதமேரி.

"எடுக்கலன்னா அவுகளுக்கு யாவாரம் போயிரும்ல மேரி" என்பார் இவர், எழுந்து கை கழுவிக்கொண்டே.

மகள் இவாஞ்சலின் சென்னையில் இணையதளப் பொறியாளர். அப்பாவின் வேலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவள். "அப்பா, அவங்கவங்க நம்பரப் போடுங்கப்பா. நாளைக்கு உங்க போன் தொலைஞ்சா என்ன செய்வீங்க?"

"தொலைஞ்சா தேடுவோம்."

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பியவர், செருப்பு மாட்டக் குனிந்தார். நிமிரவில்லை.

அடக்கம் முடிந்து சென்னைக்குத் திரும்பும்போது இவாஞ்சலின் அந்தப் போனைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸிலேயே அடித்தது. "அமிர்தராஜ் சார் இருக்காரா?" "வெளிய போயிருக்காங்க. என்ன வேணும் சொல்லுங்க" என்றாள். அன்று வாயில் வந்தது அப்படியே நிலைத்துவிட்டது. யார் கேட்டாலும் அதே பதில். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு விவரம் சொல்வாள். அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது எடுக்க முடியாது. பாதி அழைப்புகள் அப்படியே போயின. நம்பரை மாற்றுவது அவளுக்குத் தெரியாத வேலை இல்லை. மாற்றவில்லை. கூப்பிடுகிறவர்களுக்கு அவர் வெளியேதான் போயிருந்தார். அது அவளுக்கு வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை என்பது வசதியாகவும் இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு கூடுகை நடந்தது. சுற்றுவட்டாரத்தில் இணையதளம் செய்கிறவர்களும், இணையத்தில் விளம்பரம் செய்து கொடுக்கிறவர்களும் ஒரு நாள் உட்கார்ந்து, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது. கட்டணம் இல்லை. கடைக்காரர்களும் வரலாம். மகள் பேசுவாள் என்று பெயர் கொடுத்து வைத்திருந்ததே அமிர்தராஜ்தான். அதனால் வந்தாள்.

கல்யாண மண்டபம். மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு மேடையில் திரை கட்டியிருந்தார்கள். கூடுகையை நடத்திய பிருந்தா காரியாபட்டியில் வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவள். இணையதளம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று இவாஞ்சலின் பேசினாள். படங்களைச் சுருக்குங்கள் என்றாள். கை தட்டினார்கள். இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அடுத்து ஹரி. மதுரையில் விளம்பர வேலை. வாய்க்காரன்.

"விளம்பரம் அப்புறம் பாப்போம். முதல்ல போன் வந்தா எடுக்குறீங்களா? இப்பவே சோதிப்போம்" என்று திரையில் அருப்புக்கோட்டைச் சேலைக்கடை ஒன்றைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பரை மேடையிலிருந்தே அழுத்தினான்.

முன்வரிசையில் இவாஞ்சலினின் பை அடித்தது.

"ஓ, கடைக்காரம்மா இங்கதான் இருக்காங்களா! சரி, அடுத்தது." ஒரு காராச்சேவு கடையை எடுத்தான். அதே பை அடித்தது. கரிக்கடை. அதே பை. மண்டபம் சிரிக்கத் தொடங்கியது.

"ஏங்க, இந்த ஊரே உங்களுதுதானா?" என்றான் ஹரி.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள் சிரிக்கவில்லை. செல்லக்கிளி எழுந்தார். நாலைந்து தறி வைத்துச் சேலை விற்கிற அம்மாள்.

"தம்பி, நிப்பாட்டுங்க. அது செத்தவுக போனு."

ஹரியின் கை அப்படியே நின்றது. இவாஞ்சலின் பையைத் திறந்து போனை வெளியே எடுத்தாள். அடித்து முடியும்வரை கையில் வைத்திருந்தாள்.

சாப்பாட்டு வேளையில் செல்லக்கிளியிடம் போனாள். "அத்தை, ஆர்டர் ஒழுங்கா வருதா?"

"அதுக்கென்ன தாயி, வருது. நீ சாப்பிடு."

"நிசமாச் சொல்லுங்க."

செல்லக்கிளி இலையில் விரலால் கோடு போட்டார். "தர்மபுரிக்காரரு தீவாளிச் சேலைக்கு நாலு நாளா அடிச்சிருக்காரு. யாரும் எடுக்கலையாம். அவுக பக்கத்து ஊரு இளம்பிள்ளையில வாங்கிட்டாராம், பார்சல் ஆபீசுல சொன்னாக. மல்லிக்காரருக்கும் ஒரு லோடு போயிருச்சு."

"ஏன் என்ட்ட சொல்லல?"

"சாவு விழுந்த துஷ்டி வீட்டுல போயி யாவாரம் பேசுவாகளா? வருசம் திரும்பட்டும், அதுவரைக்கும் அந்தப் பிள்ளையத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நாங்களா பேசி வச்சிக்கிட்டோம். வீட்டுக்கு வீடு சொல்லி விட்டாச்சு."

குறை சொல்லாதது மரியாதை. அவள் அதைக் குறையே இல்லை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். யாவாரம் போயிரும்ல என்று பாதிச் சோற்றில் எழுந்து போனவரின் நம்பர் அது.

கை கழுவிவிட்டு நேராகப் பிருந்தாவிடம் போனாள். "எல்லாத்தையும் மாத்தணும். இன்னைக்கே. உதவுங்க."

பந்தி மேசைகளைத் துடைத்து மடிக்கணினிகளை வைத்தார்கள். மதியம் நடக்க வேண்டியிருந்த பேச்சுகள் அப்படியே நின்றன. அமிர்தராஜின் பழைய மடிக்கணினி வீட்டிலிருந்து வந்தது. ஒவ்வொரு கணக்கிலும் நுழையும்போது ரகசிய எண் அவருடைய போனுக்கு வந்தது. இவாஞ்சலின் நடுவில் நின்று உரக்க வாசித்தாள். ஒருவர் இணையதளத்தில் மாற்ற, இன்னொருவர் மேப்பில் மாற்றினார்.

"சார் எல்லாப் பக்கத்துலயும் நம்பரக் கையாலயே அடிச்சிருக்காங்க. ஒரு இடத்துல வச்சு எல்லாப் பக்கமும் எடுத்துக்கிறாப்ல செஞ்சிருக்கணும். என்ன வேலை இது!" என்றாள் பிருந்தா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"திட்டுங்க. நானும் திட்டிருக்கேன்" என்றாள் இவாஞ்சலின். நெடுநாள் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஹரி மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "அக்கா, காலைல தெரியாம..."

"விடுங்க ஹரி."

"இல்லக்கா, ஒண்ணு சொல்லணும். நம்பர மாத்தினா மட்டும் பத்தாது. இவுக போன எடுக்கணும். சார் செஞ்சது தப்பான வழி. ஆனா அவரு புரிஞ்சிக்கிட்டது சரி."

அவனே போய்க் கடைக்காரர்களை வட்டமாக உட்கார வைத்தான். எடுக்க முடியாத அழைப்புக்குத் தானாகப் போகும் செய்தியை ஒவ்வொரு போனிலும் வைத்துக் கொடுத்தான். செல்லக்கிளியின் போனைப் பிருந்தா வாங்கி, அழைப்பு வந்தால் பின்னாலிருக்கும் விளக்கு வெட்டி வெட்டி எரியும்படி செய்தாள். "தறிக்குப் பக்கத்துல மாட்டி வைங்க. காதுல விழாட்டியும் கண்ணுல படும்."

செல்லக்கிளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அண்ணாச்சி வந்தா வேர்த்துப்போயி வந்து நிப்பாக. ஒரு சொம்பு தண்ணி கேப்பாக." முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டார். "இது கேக்காது."

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. பிருந்தா அந்த நம்பரை இணையத்தில் தேடிக் காட்டினாள். ஒரு கடையும் வரவில்லை. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். இவாஞ்சலின் மண்டபத்து வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். போன் மடியில் இருந்தது.

அடித்தது. இணையத்தில் தேடிப் பிடித்தவர் இல்லை. முன்பே நம்பரைச் சேமித்து வைத்திருந்த யாரோ.

"அமிர்தராஜ் சாருங்களா? தர்மபுரியிலிருந்து பேசறேனுங்க. சேலை விஷயமா முன்னயும் கூப்பிட்டிருந்தேன். சார் இருக்காருங்களா?"

"வெளிய..." என்று தொடங்கினாள். தெருவில் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. போகட்டும் என்று காத்திருந்தாள்.

"அப்பா இறந்துட்டாங்க. ஆவணியில. நான் அவங்க மகள் பேசுறேன்."

"அட கடவுளே" என்றார் அவர். "நேர்ல பார்த்ததில்லீங்க. குரல்தான் பழக்கம். அந்தச் சேலையெல்லாம் அவருதுன்னுதான் இத்தன நாளும்..."

"இல்லைங்க. செல்லக்கிளின்னு ஒரு அம்மாவோடது. அவங்க நம்பரத் தாரேன். இனிமே நேரா அவங்களையே கூப்பிடுங்க. எடுப்பாங்க."

"சரிம்மா. இரும்மா, பேனா எடுத்துட்டு வர்றேன். வச்சிராத."

"வைக்கல" என்றாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தர்மபுரியில் ஒரு வீட்டில் அவர் மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. யாரிடமோ, "அருப்புக்கோட்டை அமிர்தராஜ் சார் தவறிட்டாராம்" என்று அவர் சொல்வதும் கேட்டது. அவள் காத்திருந்தாள்.