ஐந்நூறு சுற்றுக்கும் தாங்குகிற வண்டி

ஃபர்மன் லாக்கபி கார் விற்க வருவதற்கு முன்பு பைபிள் விற்றார். அதற்கு முன்பு துடைப்பமும் பிரஷும். பருத்திக் குத்தகைக்காரரின் ஏழாவது பிள்ளை. குனிந்து செய்கிற எந்த வேலையும் தனக்கு ஒத்துவராது என்று பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வார். கேண்ட் முதலாளியின் கார்க் கடையில் அவருக்கு வேலை கிடைத்தபோது எனக்கும் அவருக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம்.

ஒவ்வொரு காரையும் அவர் ஒரே வாக்கியத்தால்தான் விற்றார். பானெட்டை உள்ளங்கையால் ஒருமுறை தட்டுவார். "இதோ இப்படியே, ஒரு திருகாணியக்கூட மாத்தாம, க்ரேடி களத்துல ஐந்நூறு சுத்து ஓடும் சார்."

க்ரேடி பார் என்பவரின் களம் ஊருக்கு வெளியே, பழைய சோளக்காட்டில் இருந்தது. அரை மைல் நீள்வட்டம், தார் போட்டது. வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பர் சனிக்கிழமையில், அங்கே ஐந்நூறு சுற்றுப் பந்தயம். காரை வாங்குகிறவர்களோ மில்லுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்கள். அவர்களில் யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை என்பதால் அந்த வாக்கியம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பந்தயக்காரன் லூதர் காப் ஒருநாள் ஏதோ திருகாணி வாங்கக் கடைக்கு வந்தான். அந்த வருடம் புதிதாக வந்திருந்த பெரிய எஞ்சின் வண்டியை ஃபர்மன் தட்டிக்கொண்டிருந்தார். லூதர் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஃபர்மன், வண்டி வேகமாப் போகும், ஒத்துக்கிறேன். நேரா போற ரோட்டுல ஷெரீஃபுக்கே தூசி காட்டும். ஆனா நாலு மணி நேரம் இடதுபக்கமே திரும்பிக்கிட்டு இருந்தா? மொத்த பாரமும் வலது முன்சக்கரத்து மேலதான். அறுபதாவது சுத்துல அது உன் கையில ராஜினாமாக் கடிதம் குடுத்துடும்."

"உன் வண்டியும் கடையில வாங்கினதுதானே?"

"கடையில வாங்கினதுதான். அதுல இப்போ கடையோடது ஹாரன் மட்டும்தான் மிச்சம்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உள்ளறையில் இருந்த கேண்ட் முதலாளி சிரிக்கவில்லை. வெளியே வந்தார்.

"ஃபர்மன், நீ சொல்றது நிஜமா?"

மற்ற மனிதர்கள் அங்கே ஒரு கணம் தயங்கியிருப்பார்கள். என் கணவர் தயங்கவில்லை. "பைபிள் மாதிரி நிஜம், மிஸ்டர் கேண்ட்."

"அப்போ இந்த வண்டியையே எடுத்துட்டுப் போய் ஓட்டு. நீயே ஓட்டு. ஐந்நூறு சுத்து ஓடிட்டா, விற்பனைக்கு நீதான் தலைவன். ஓடலைன்னா, பொய் சொல்ற ஆளை வெச்சுக்கிட்டு நான் கடை நடத்த முடியாது."

அந்த வசந்தத்தில்தான் மில்லில் எங்கள் நூற்புப் பகுதியை மூடியிருந்தார்கள். ஆறாம் வகுப்போடு நின்று அங்கே போனவள் நான். வேறு வேலை தெரியாது. ஃபர்மனின் வேலை போனால் வீட்டில் வேறு வரவு இல்லை. அதை அவர் அன்றிரவு சாப்பிடும்போது, ஒரு நல்ல செய்தியைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்.

களத்தில் எனக்கும் ஒரு இடம் உண்டு. முடிவுக் கோட்டுக்கு எதிரே ஒரு மரமேடை, அதில் பெரிய கடிகாரம், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பெண். நம் வண்டி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கடிகார நேரத்தைத் தாளில் எழுத வேண்டும். தாளில் இல்லாத சுற்று ஓடாத சுற்று. பெரும்பாலும் ஓட்டுகிறவர்களின் மனைவிமார்தான் எழுதுவார்கள். கல்யாணமாகாதவர்களுக்கு நான் எழுதுவேன். மில்லில் சுழலும் நூல் கதிர்களைப் பார்த்துப் பழகிய கண் தப்பாது என்று க்ரேடி என்னைக் கூப்பிட்டிருந்தார். பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கும் அது பிடித்திருந்தது. அந்த வருடம் முதல்முறையாக என் சொந்தப் புருஷனுக்கு எழுதினேன்.

பகல் பன்னிரண்டுக்கு இருபத்தாறு வண்டிகள் வரிசையில் நின்றன. மற்றவை எல்லாம் பெயருக்குத்தான் கடை வண்டிகள். சக்கரம், அச்சு, கதவு எல்லாவற்றையும் பலப்படுத்தியிருந்தார்கள். ஃபர்மனுடையது உண்மையிலேயே கடை வண்டி. பின்பக்கக் கண்ணாடியில் விலைத்தாள்கூட ஒட்டியபடி இருந்தது. டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும். ஓட்டுகிற இடத்தில் டை கட்டிய ஃபர்மன்.

மேடையில் என் பக்கத்தில் லூதரின் மனைவி மே. அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"மிஸ் வெர்டி, உங்க வீட்டுக்காரர் யார் கல்யாணத்துக்குப் போறார்?"

எங்கள் ஊரில் கல்யாணமானவளும் 'மிஸ்'தான். நான் சிரித்துவைத்தேன். கொடி அசைந்தது. முதல் வளைவில் எல்லா வண்டிகளும் பாய்ந்தன. கடைசியாக, இடதுபக்க விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, என் கணவர் திரும்பினார்.

"அந்த விளக்கை அணைக்கச் சொல்லுங்க," என்றாள் மே, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாங்க எல்லாருமே இடதுபக்கம்தான் போறோம்."

லூதர் சொன்னது தப்பு. வலது முன்சக்கரத்து டயர் அறுபதாவது சுற்றில் போகவில்லை, எழுபத்திரண்டில் போனது. ஃபர்மன் உள்ளே புல்வெளியில் நிறுத்தி, கோட்டைக் கழற்றி மடித்து இருக்கையில் வைத்து, ஸ்டெப்னியை மாட்டினார். நூற்று ஐம்பதில் அதுவும் தேய்ந்தது. அப்போது அவர் செய்ததைப் பார்த்து எதிரே இருந்த மெக்கானிக்குகள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். எப்போதும் இடதுபக்கமே திரும்புவதால் இடப்பக்க டயர்கள் புதிதுபோல இருந்தன. ஒன்றைக் கழற்றி வலது முன்பக்கத்தில் மாட்டினார். தேய்ந்ததை இடப்பக்கத்துக்கு அனுப்பினார். பெட்ரோல் போட வரும்போது, ஊர் பங்க்கில் கேட்பதுபோல, கண்ணாடியையும் துடைக்கச் சொன்னார். துடைத்தவனுக்கு நன்றி சொன்னார்.

இதற்கிடையில் வேகமான வண்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. நீண்ட வளைவில் எஞ்சினுக்குள் எண்ணெய் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும். எஞ்சின் வறண்டு வெடிக்கும். அவ்வளவு வேகத்தில் ஃபர்மன் எந்த வளைவுக்கும் போகவில்லை. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு லூதர் ஐந்நூறாவது சுற்றை முடித்தபோது பதினோரு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று ஃபர்மனுடையது. என் தாளில் நானூற்று முப்பத்தொன்று.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும், கேண்ட் முதலாளிக்கும்கூட, ஒரு விஷயம் உறைத்தது. முதல்வன் முடித்துவிட்டால் பந்தயம் முடிந்தது. பின்னால் வருகிறவனுக்கு யாரும் ஐந்நூறு சுற்றுக் கொடுப்பதில்லை. ஐந்நூறு ஓட வேண்டுமானால் ஜெயிக்க வேண்டும்.

பந்தயம் முடிந்தது என்று காட்டும் கட்டம் போட்ட கொடியை க்ரேடி எல்லாருக்கும் ஆட்டினார். மற்ற பத்துப் பேரும் வேகத்தைக் குறைத்து உள்ளே வந்தார்கள். ஃபர்மன் மரியாதையாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

ஒலிபெருக்கி கத்தியது. "ஃபர்மன், பந்தயம் முடிஞ்சிருச்சு! வீட்டுக்குப் போப்பா! சோறு ஆறுது!"

அடுத்த சுற்றிலும் கையைத் தூக்கினார்.

பெண்கள் பென்சிலை வைத்துவிட்டு இறங்கினார்கள். க்ரேடி மேடைக்கு ஏறி வந்தார். "மிஸ் வெர்டி, நீங்களும் இறங்குங்க."

"அவர் இன்னும் ஓடுறாரு."

"ஓடட்டும்மா. அது கணக்குல வராது."

"நான் எழுதினா வரும்."

மூன்று வருடத்தில் நான் க்ரேடியிடம் பேசியதில் அதுதான் நீளமானது. அவர் என்னையே பார்த்தார். பிறகு கொடியை என் மேசைமேல் வைத்தார். "அஞ்சு மணிக்கு போலீஸ்காரர் கேட்டைப் பூட்டிடுவார். அதுக்குள்ள முடிஞ்சா நீங்களே ஆட்டிக்குங்க."

கூட்டம் கலைந்தது. முப்பது, நாற்பது பேர் மட்டும் வேடிக்கைக்கு நின்றார்கள். கேண்ட் முதலாளி வேலியில் சாய்ந்து நின்றார். காலியான களத்தில் ஒரே ஒரு வண்டி, இடது விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, சுற்றிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம். நான் ஒன்றையும் விடவில்லை. நானூற்றுத் தொண்ணூறு தாண்டியபோது, அதுவரை கேலி செய்தவர்கள் ஒவ்வொரு சுற்றையும் உரக்க எண்ணத் தொடங்கினார்கள். நானூற்றுத் தொண்ணூற்றொன்பதை எழுதிவிட்டுக் கொடியைக் கையில் எடுத்தேன். இத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டுமே என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசி வளைவில் வலது முன்சக்கரம் கழன்றது. டயர் மட்டுமல்ல, திருகாணி இருந்த இடங்களில் இரும்பே கிழிந்து, முழுச் சக்கரமும் போனது. வண்டி முட்டி மடிந்த மாடுபோலக் குனிந்து, தீப்பொறி பறக்க வழுக்கிப்போய், பலகை வேலிக்குள் முகத்தைச் செருகிக்கொண்டது. எஞ்சின் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் தன்பாட்டுக்கு உருண்டு வந்தது. நேராக, அழகாக, என் கண்முன்னால் கோட்டைத் தாண்டியது. அப்புறம் புல்லில் சாய்ந்தது.

ஃபர்மன் வேலியிலிருந்து இருநூறு அடி நடந்து மேடைக்குக் கீழே வந்தார். டை தோளுக்குப் பின்னால் கிடந்தது.

"ஆட்டு, வெர்டி."

"கார் தாண்டல."

"சக்கரம் தாண்டிச்சுல்ல? சக்கரம் காரோட பாகம்தானே? விலைத்தாளைப் போய்ப் பாரு. நாலு சக்கரம்னு போட்டிருக்கு."

"ஆட்டும்மா!" என்று யாரோ கத்தினார்கள். "எங்களுக்கும் பசிக்குது!"

"சக்கரம் மட்டும் வந்தா பாதி சுத்தாவது போடலாம்," என்றான் லூதர்.

ஃபர்மன் இரண்டு படி ஏறிக் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்காது. உனக்கும் மில்லுல இல்ல. ஒரே ஒரு சுத்து, கண்ணு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

அப்புறம் நான் செய்ததை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பென்சிலைக்கூட எடுத்தேன். ஆனால் ஐந்நூறு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எந்த நேரத்தைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. கொடியை மடித்து வைத்தேன். தாளின் அடியில் 499 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கேண்ட் முதலாளி மேடைக்கு வந்து அதைப் படித்தார். "திங்கக்கிழமை வந்து உன் சாமானை எடுத்துக்க, ஃபர்மன்," என்றார். பந்தயம் முடிந்த பிறகு எழுதிய தாள் க்ரேடிக்கு வேண்டாம். கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஃபர்மன் என்னோடு பேசவில்லை. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தன் பக்கமே பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு ஜெபத்தில் கோழிக்கு நன்றி சொன்னார், பீன்ஸுக்கு நன்றி சொன்னார், சோள ரொட்டிக்கும் சொன்னார். சமைத்தவளை விட்டுவிட்டார்.

திங்கள் காலை அட்டைப்பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். கடை வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் பீச் தோட்டக்காரர் சாட்டர்ஃபீல்ட். எதையும் நம்பாதவர், வானிலை அறிக்கையைக்கூட.

"அந்த வண்டி இன்னொண்ணு இருக்கா?" என்று கேண்ட் முதலாளியிடம் கேட்டார்.

"எது?"

"நானூத்தித் தொண்ணூத்தொம்பது ஓடினது."

ஃபர்மன் இடையில் புகுந்தார். "ஐந்நூறு ஓடியிருக்க வேண்டியது சார், இவ மட்டும்…"

"ஐந்நூறுன்னு சொல்லியிருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். மேடையில இருந்தது உன் பொண்டாட்டி. என் வீட்டுக்காரியா இருந்தா ஐந்நூத்தி மூணு எழுதியிருப்பா. நானூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு எந்த மடையனும் பொய் சொல்ல மாட்டான்."

பின்னால் நின்ற இருவரும் தலையாட்டினார்கள். முதலாளி என் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். "இது எதுக்கு? மிஸ் வெர்டி, இதை அப்படி ஓரமா வைங்க," என்றார்.

அதற்குள் ஃபர்மன் மாறிவிட்டிருந்தார். முழு எண்களையே வெறுக்கிற மனிதராகிவிட்டார். பானெட்டைத் தட்டி, "நானூத்தித் தொண்ணூத்தொம்பது சார். அதுக்கு மேல ஒண்ணுகூட நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஐந்நூறுன்னு சொல்ற ஆளை நம்பாதீங்க," என்றார். கண் கலங்குகிற அளவுக்கு உண்மை அந்தக் குரலில் இருந்தது. இன்னும் பதினேழு வருடம் அந்தக் குரலிலேயே விற்றார்.

சாட்டர்ஃபீல்ட் கையெழுத்துப் போடும்போதுதான் ஃபர்மன் என் பக்கம் திரும்பினார். சனிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

"கண்ணு, அந்தத் தாள் வெச்சிருக்கியா? ஷோரூம் கண்ணாடியில ஒட்டணும்."

எடுத்துக் கொடுத்தேன். ஊரே என் பெயரைப் படிக்க வேண்டாமே என்று, கையெழுத்து இருக்கிற அடிப்பக்கத்தை மடித்து ஒட்டச் சொன்னேன். சரி என்றார். விரித்தே ஒட்டினார்.