மகனின் மணிக்கூடு ஓடிய முப்பத்தொரு நாட்கள்

அன்று காலை பதினொரு மணிபோல என் மகன் தன் கொம்பியூட்டரில் ஏதோ ஒன்றை ஓடவிட்டு, அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தான். நான் முற்றத்தில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, உதிலை கை வைச்சியள் எண்டால் நான் ஒரு கிழமைக்குச் சாப்பிட மாட்டன். உது முடிய ஒரு மாதம் செல்லும்."

"நீ சாப்பிடாட்டில் கொம்மாவுக்கு அரிசி மிச்சம். போட்டு வா."

சிரித்துக்கொண்டுதான் மோட்டார்ச் சைக்கிளை எடுத்தான். புத்தூர்ச் சந்திக்கு இந்தப் பக்கத்தில் ஒரு லொறி வந்து மோதியது. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

நான் பத்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவன். மகன் பல்கலைக்கழகத்தில் செய்தது என்னவென்று அவன் சொல்லித்தான் கொஞ்சம் விளங்கியது. கொம்பியூட்டரின் மூளையைச் செய்வதற்கு முன்னர், அது எப்படி நடக்கும் என்று நடத்திப் பார்க்கும் ஒரு மென்பொருளை அவனும் கூடப்படித்த ஒரு பொடியனும் எழுதினார்கள். அதற்குள் ஒரு மணிக்கூடும் உண்டாம். அதில் ஒரு விநாடி போக வெளியே ஒரு நாளுக்கு மேல் செல்லும் என்றான்.

"அப்ப தேவலோகத்து மணிக்கூடு போலை" என்றேன்.

"ஓமப்பா. அங்கையும் உப்பிடி ஆறுதலாய்த்தான் வேலை நடக்குது. அதுதான் உங்கடை நேத்திக்கடன் ஒண்டும் இன்னும் பலிக்கேல்லை."

உடலை எடுத்துக்கொண்டு போன அன்று பின்னேரம் அந்த அறையைத் திறந்தேன். திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவன் இல்லை, அவன் தொடக்கிய வேலை நடக்கிறது. போனவருக்கென்று ஏற்றிய விளக்கை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நாங்கள் அணைய விடுவதில்லை. இதையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். காலையில் விளக்குக்கு எண்ணெய் விட்டு, அந்தக் கையோடு அறைக்குப் போவேன். கரண்ட் நின்றாலும் என்று பக்கத்து வீட்டு ஜெனரேற்றரைக் கேட்டு வாங்கி வைத்தேன். மனைவி வாசலில் நின்று, "ஓடுதோ?" என்பாள். "ஓடுது" என்று நான் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தேத்தண்ணீர் இறங்கும்.

எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு முன்னர் ஒருநாள் பார்த்தபோது எண்கள் குறைந்துகொண்டு வந்தன. முன்னால் ஒரு சிறு கோடும் இருந்தது. இன்னும் செய்யக் கிடக்கிற வேலையைக் காட்டுகிறதாக்கும் என்று நினைத்து மனைவியிடம் சொன்னேன். சாவு விழுந்த துடக்கு வீடு, சுவாமியறை பூட்டியிருந்தது. இல்லாவிட்டால் அப்போதே கற்பூரம் கொளுத்தியிருப்பாள். பிறகு எண்கள் திரும்பவும் கூடின. அது அடுத்த பகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடலில் அவன் சாம்பலைக் கரைத்தேன். அவன் எனக்குச் செய்யவேண்டியதை நான் அவனுக்குச் செய்தேன். நகுலேஸ்வரர் கோயிற் பக்கம் திரும்பி, "அவன்ரை வேலையையாவது முடிச்சுத் தா" என்று கேட்டேன்.

அடுத்த நாள் அந்தக் கூட்டாளிப் பொடியன் தொலைபேசி எடுத்தான். முடிவுகளை ஒப்படைத்தால்தான் இரண்டு பேருடைய ஆய்வும் நிறைவேறும் என்றான். என் மகளும் கொம்பியூட்டர்தான் படிக்கிறாள். அவள் போய் உட்கார்ந்து, பதிந்திருந்த எண்களை முதலிலிருந்து பார்த்தாள்.

"அப்பா, இது அண்டைக்கே பிழைச்சுப்போச்சு."

"எண்டைக்கு?"

"அண்ணையின்ரை சாம்பல் அள்ளின அண்டைக்கு."

விநாடியை நூறு கோடித் துண்டாக்கி அது ஒவ்வொன்றாக எண்ணுகிறதாம். அந்த எண்ணை வைக்கிற இடம் இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று கூடினால், நேரம் பூச்சியத்துக்குக் கீழே அடிமட்டத்துக்குப் போய் விழுந்து, அங்கிருந்து திரும்ப ஏறும். நான் கண்ட சிறு கோடு அதுதான். அதன் பிறகு எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று அதற்குத் தெரியாது. முடிய வேண்டிய நேரத்துக்கும் ஒருநாளும் வந்து சேராது, அதுதான் மாதம் தாண்டியும் ஓடுகிறது.

"அப்ப முப்பத்தொரு நாளும்?"

"முதல் மூண்டு நாள்தான் சரி. மிச்சம் ஒண்டுக்கும் உதவாது அப்பா."

பிழை இருந்த வரியை அவள் கண்டுபிடித்தாள். அதன் பக்கத்தில் அவன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: இப்போதைக்கு இது காணும். போதும் என்றுதான். சின்னச் சின்ன ஓட்டங்களில் அது போதுமாகத்தான் இருந்திருக்கிறது. வாசித்துவிட்டு மகள் மேசையில் முகத்தைக் கவிழ்த்தாள்.

அழுதுவிட்டுத்தான் திருத்தினாள். எண் வைக்கிற இடத்தை இரண்டு மடங்கு நீளமாக்கினாள். மூன்று நாள் காத்திராமல், தன் மடிக்கணினியில் மணிக்கூட்டை அந்த எல்லைக்குச் சற்று முன்னாலேயே தொடக்கிப் பார்த்தாள். திரும்பவும் கீழே விழுந்தது. பொடியனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, நேரத்தைப் பெருக்கிக் கணக்கெடுக்கிற இடத்தைப் பார். சின்ன இடத்திலை பெருக்கிப் பிழைச்ச பிறகு பெரிய இடத்திலை கொண்டுபோய் வைச்சு என்ன பிரியோசனம்?"

அதையும் மாற்றினாள். இந்த முறை எண் எல்லையைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

"இனி அதை நிப்பாட்டிப்போட்டு முதலிலை இருந்து விடவேணும் அப்பா."

"அவன் விட்டதையோ? நடுவிலை திருத்தேலாதோ?"

"ஏலாது."

"அப்ப நீயே நிப்பாட்டு, பிள்ளை."

"எனக்குக் கை வராது அப்பா."

அவனுக்குக் கொள்ளி வைத்த கைதானே என்று கடைசியில் நான்தான் எழும்பினேன். எந்த விசை என்று அவள் காட்டினாள். அமத்தினேன்.

புதிய ஓட்டம் ஒரு மாதத்தில் முடிந்தது. முடிவுகள் சரி என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. ஆய்வில் முதலாவதாக இருக்கும் பெயர் அவனுடையது. சிவபெருமான் நான் கேட்டதைத் தந்துவிட்டார். ஆனால் மனைவிக்கு நானும் மகளும் உள்ளதைச் சொல்லவில்லை. பழையது முடிந்து புதியது தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறோம். துக்கம் விசாரிக்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் அவள் சொல்கிறாள்:

"கீரிமலைக்குப் போகுமட்டும் பிள்ளையின்ரை வேலை ஒரு நாளும் வீண்போகேல்லை. இவர்தான் பாத்தவர். கேட்டுப் பாருங்கோ."

அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நெற்றியில் திருநீற்றோடு இருந்து, ஓம் என்கிறேன்.