பாதி ஜன்னல்

ரூம் காட்டப் போகும் இடத்தில் எங்கள் அத்தான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கதவைத் திறப்பார். வந்தவர்களை முன்னால் விட்டு, "பாருங்க, எவ்வளவு வெளிச்சம்!" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வராந்தாவுக்கு வந்து நின்றுகொண்டு மூச்சு விடுவார். மரியாதை தெரிந்த மனுஷன், பெண்பிள்ளை தங்கப்போகும் அறைக்குள் நுழையக் கூச்சப்படுகிறார் என்று பெற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த அறை எப்படி நாறும் என்பது எனக்கல்லவா தெரியும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஏரியும் கல்லூரிகளுமாக இருக்கும் இந்த ஊரில் வீட்டு புரோக்கர். காலி செய்த அறைகளைக் கழுவித் துடைத்து அடுத்த ஆளுக்குத் தயார் செய்வது என் வேலை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏரிக்காட்சி'. ஏரிக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீட்டைக்கூட ஏரிக்காட்சி என்று சொல்லித்தான் தலையில் கட்டுவார். கேட்டால், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் தெரிகிறதே, அது காட்சி இல்லையா என்பார். வாய் கூசவே கூசாது.

அந்த ஏரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விளம்பரத்தில் நீலமாக இருக்கும். நேரில் பச்சை. அதுவும் கெட்டியான பச்சை. ஊரிலுள்ள விடுதிகளின் சாக்கடை மொத்தமும் அதில்தான் போய் விழுகிறது. காலையில் காற்று ஊர்ப் பக்கமிருந்து ஏரிக்குப் போவதால் ஒன்றும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பும். செத்த மீனும் சோப்பு நுரையும் கழிவும் சேர்ந்த ஒரு நாற்றம் வந்து துணியில், தலைமுடியில், சோற்றில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அத்தான் காலையில் மட்டும்தான் ரூம் காட்டுவார். "மத்தியானம் வேற வேலை இருக்கும்மா" என்பார். தூங்குவதுதான் அந்த வேற வேலை.

படிக்கிற பிள்ளைகள் என்றால் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவர்கள் விட்டுப்போன குளியலறைகளைக் கழுவ ஆரம்பித்ததும் அது போய்விட்டது. சாக்கடை மூடியைத் தூக்கினால், பல பேருடைய தலைமுடி சோப்போடு திரண்டு செத்த எலி மாதிரி கையில் வரும். கட்டிலுக்கு அடியில் பால் குடித்த டம்ளர் இருக்கும். பாலுக்குப் பதிலாக உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை முளைத்திருக்கும். ஜன்னல் விளிம்பில் வெட்டிப்போட்ட நகங்கள். ஆனாலும் இதெல்லாம் கழுவினால் போகிற அழுக்கு. ஈரம் ஊறிக் கறுத்த சுவர் மேல் ஒவ்வொரு வருஷமும் பெயிண்டை அப்பி, "புதுசா அடிச்சிருக்கோம்" என்று சொல்லும் வீட்டு ஓனர்களை எதைப் போட்டுக் கழுவுவது?

இந்த ஓனர்களுக்குப் பலகை அடிப்பது என்று ஒரு வித்தை உண்டு. பெரிய ஹாலின் நடுவில் பிளைவுட் பலகையை நிறுத்தினால் இரண்டு ரூம். வாடகையும் இரண்டு. ஆனால் ஜன்னல் ஒன்றுதானே இருக்கும்? ஜன்னல் இல்லாத அறையை எந்தப் பெற்றோரும் எடுப்பதில்லை. இதற்கு வழி கண்டுபிடித்த புண்ணியவான் எங்கள் அத்தான்தான். பலகையை நேராக ஜன்னலின் நடுக்கம்பிவரைக்கும் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். இந்தப் பக்கம் பாதி ஜன்னல், அந்தப் பக்கம் பாதி ஜன்னல். இரண்டுமே ஏரிக்காட்சி!

இங்கே பழைய வீடுகளில் ஜன்னலுக்கு அகலமாக ஒரே கதவு, வெளிப்பக்கமாகத் திறக்கும். பலகை வந்த பிறகு கீல் ஒரு அறையிலும் தாழ்ப்பாள் மறு அறையிலும் மாட்டிக்கொள்ளும். தாழ்ப்பாள் பக்கத்து ஆள் திறந்தால் இரண்டு பேருக்கும் காற்று. மூடினால் இரண்டு பேருக்கும் கிடையாது. கீல் பக்கத்தில் இருப்பவர் பலகையைத் தட்டிக் கெஞ்ச வேண்டியதுதான். இதை விளக்கும்போதெல்லாம் அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

அக்காவுக்கு இளைப்பு நோய். ஈரம் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டு ஹாலில் ஏரியைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. சமையல் முடிந்தால் அக்கா அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலம் நாற்றம் வரும்போது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மூட ஓடினால், "விடுடி. நாத்தமா இருந்தாலும் காத்துதானே" என்பாள்.

ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு ஓனர் போன் செய்தார். அவருக்கு ஊரில் பல வீடுகள். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"நம்மகிட்ட ஒரு வீடு இருக்குப்பா. ஹால் இருபதுக்குப் பன்னிரண்டு. ஏரியைப் பாத்து பெரிய ஜன்னல். பலகை அடிச்சா எத்தனை ரூம் வரும்?"

"ஹால்ல ரெண்டு, பெட்ரூம்ல ரெண்டு. சமையல்கட்டையும் சேத்தா அஞ்சு. தங்கமான இடம் சார், விட்டுடாதீங்க. இப்ப உள்ள யாரு இருக்கா?"

"ஒரு குடும்பம்."

"குடும்பத்தை வச்சிக்கிட்டு என்ன சார் பண்றது? காலி பண்ணச் சொல்லுங்க. காலேஜ் திறக்கிறதுக்குள்ள அடிச்சிடலாம்."

போனை வைத்ததும் அக்கா கேட்டாள்: "என்னங்க, அது நம்ம வீட்டு அளவு மாதிரி இருக்கே?"

"இந்த ஊர்ல எல்லா ஹாலும் இதே அளவுதான்டி" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். மறுநாள் பலகைகள் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தன.

அத்தான் ஓனரிடம் ஓடினார். "நீதானப்பா காலி பண்ணச் சொன்ன?" என்றார் ஓனர். வேறு வீடு தேடினோம். ஊருக்கே இடம் பிடித்துக் கொடுத்தவருக்கு ஊரில் இடமில்லை. போன வீட்டிலெல்லாம், "குடும்பம் வச்சா நஷ்டம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். அக்காவின் நெஞ்சுச் சத்தம்தான் சிரிக்கவிடவில்லை. கடைசியில் ஓனரே மனமிரங்கி எங்கள் பழைய ஹாலில் ஒரு பாதியைக் கொடுத்தார். எந்தப் பாதி? கீல் இருக்கும் பாதி. தாழ்ப்பாள் பாதிக்கு வாடகை அதிகம்.

மூன்று பேரும் அதற்குள் அடைந்தோம். அடுப்பு ஒரு மூலை, பீரோ ஒரு மூலை. சுவரைத் தொட்டால் கை நனைந்தது. கட்டிலுக்குப் பின்னால் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் அழுத்தினேன். உடைந்து, உள்ளேயிருந்து கறுப்பாக ஈரம் வழிந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஆறுதல், பக்கத்து அறை காலியாக இருந்தது. கழுவுகிறவள் என்பதால் சாவி என்னிடம். தினமும் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளி ஜன்னலைத் திறந்துவிட்டு வருவேன். இந்தப் பக்கம் அக்கா கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அறைக்கு ஆள் வராதவரை அவளுக்கு மூச்சு உண்டு.

"அத்தான், அந்த ரூமை மட்டும் யாருக்கும் காட்டாதீங்க" என்றேன்.

"தொழில்னு ஒண்ணு இருக்குல்ல? அது போகலைன்னா நம்மளையும் காலி பண்ணச் சொல்லுவாரு ஓனர்."

"அப்ப அக்கா?"

"வர்ற பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கலாம். எல்லாரும் நல்ல பிள்ளைங்கதான்."

அவர் வைத்த பாதி ஜன்னல்களில் எத்தனை பலகைகள் தட்டித் தட்டி ஓட்டை விழுந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கல்லூரி திறக்கப்போகும் சமயம். வெளியூரிலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் காலையில் வருவதாக இருந்தது. பஸ் பழுதாகி, அவர்கள் வந்து சேர்ந்தபோது காற்று திரும்பிவிட்டது. அத்தான் பதறிப்போனார். பக்கத்து அறை ஜன்னலை இழுத்து மூடினார். எலுமிச்சை வாசனைத் திரவத்தை மூலைக்கு மூலை பீய்ச்சினார். பிறகு எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து அக்காவிடம் சொன்னார்:

"கொஞ்ச நேரம் இருமாம இரு. அவங்க போனதும் திறந்துடறேன்."

அக்கா துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்படியும் ஒரு மனுஷனா என்று பற்றிக்கொண்டு வந்தது. எழுந்திருக்கப் போனவளை அக்காதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. "எவ்வளவு வெளிச்சம், பாருங்க!" என்றார் அத்தான்.

"சுவர்ல ஈரம் இருக்குமா?" அது அந்த அம்மாவின் குரல்.

"சேச்சே. புதுசா பெயிண்ட் அடிச்சதும்மா."

"என்னமோ நாத்தம் வருதே. ஏரியா?"

"சாயங்காலம் லேசா வரும். ஜன்னலை மூடி வச்சிட்டா ஒண்ணும் தெரியாது. எப்பவும் மூடியே வச்சிக்கலாம்மா. தாழ்ப்பாள் உங்க பக்கம்தான்."

என் கைக்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்த அக்காவின் முதுகு அப்படியே நின்றது. தடவிக்கொண்டிருந்த எனக்கு அது தெரிந்தது. வாயிலிருந்து துண்டை எடுத்து மடித்தாள். மடித்துக் கட்டில் மேல் வைத்தாள். பிறகு இருமினாள். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பலகை அதிர்ந்தது.

"யாரு அது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பிறகு அத்தானின் குரல்: "பக்கத்து ரூம்ல யாரோ குடியிருக்காங்கம்மா."

யாரோ! என் வாழ்க்கையில் நான் கழுவாத அழுக்கில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை கொடுத்த அருவருப்பை எந்தக் கழிவறையும் கொடுத்ததில்லை.

அக்கா பலகைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "யாரோ இல்லம்மா" என்றாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. "அவரு பொண்டாட்டி."

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. இந்த ரூம்ல என் பொண்ணை விடலாமா?"

அக்கா அவர்களை விரட்டிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அக்காவோ கும்பிடுகிற மாதிரி கையைச் சேர்த்துக்கொண்டு, "விட்டீங்கன்னா, ஜன்னலை மட்டும் மூட வேண்டாம்னு சொல்லுங்கம்மா" என்றாள்.

அந்த அம்மா பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அத்தான் அவர்கள் பின்னால் ஓடவில்லை. வராந்தாவுக்கும் வரவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. ஜன்னல் கதவு விரிந்தது. செத்த மீன் நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு அதை இழுத்து இழுத்து விட்டாள். கொஞ்சம் நிதானம் வந்ததும் பலகையைப் பார்த்து, "யாரு அது?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார் அத்தான்.

"யாரோன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.