விடைத்தாளுக்கு ஒரு மூலைச் சோதனை

தராசம்மா, 1952–2021. எடை அளவுத் துறையில் முத்திரை ஆய்வாளர். ஒரே மகளின் தாய்.

சந்தையின் முதல் வரிசையில் அவர் தலை தெரிந்தவுடனே கடைசி வரிசை வரை செய்தி போய்விடும். "தராசம்மா வர்றாங்க, தட்டுல இருந்து கையை எடுங்கப்பா!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "கையை எடுத்துட்டா மட்டும் போதாது, தட்டுக்கு அடியில இருக்கறதையும் எடுங்க" என்பார். கோபப்பட்டு ஒருவரும் பார்த்ததில்லை, விட்டுக்கொடுத்தும் பார்த்ததில்லை.

அவர் தராசைச் சோதிக்கும் முறை எளிமையானது. மரப்பெட்டியிலிருந்து எடைக்கல்லை எடுத்துத் தட்டின் நடுவில் வைப்பார். பிறகு அதே கல்லை நான்கு மூலைகளுக்கும் நகர்த்துவார். எங்கே வைத்தாலும் ஒரே எடை காட்டினால் தராசில் பொருத்திய ஈயத்தில் முத்திரை விழும். மூலைக்கு மூலை மாறினால் தராசு பழுதுக்குப் போகும். வியாபாரி நல்லவரா கெட்டவரா என்பது அவருக்கு வேண்டாத விசாரணை. "நான் பார்க்கறது தராசை. உங்களை உங்க வீட்டம்மா பார்த்துப்பாங்க" என்று சொல்லிவிடுவார்.

1994ஆம் ஆண்டு மகள் எட்டாம் வகுப்பை முடித்தாள். நகரில் மேட்டுப் பள்ளி என்று அழைக்கப்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. கட்டணம் இல்லை; அங்கிருந்தது போன்ற ஆய்வகமும் நூலகமும் வேறெங்கும் காணக் கிடைக்காதவை. ஒரே ஒரு நுழைவுத் தேர்வுதான் அதன் வாசல். இருநூறு மதிப்பெண்ணுக்கான அந்தத் தேர்வில் பெரும்பகுதி விரிவாக எழுதும் விடைகள். அவ்வாண்டு கடைசி இடம் 164 மதிப்பெண்ணோடு முடிந்தது. மகள் வாங்கியது 165.

அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் தாய்மாமன், தராசம்மாவின் அண்ணன். நகரின் பெரிய பயிற்சி நிலையத்தை நடத்தியவர். முடிவு வந்த மாலை வாசலிலேயே நின்று, "பார்த்தியா என் மருமகளை! கோட்டைத் தொட்டு நிக்கல, தாண்டி நிக்கறா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி முழங்கினார்.

ஆனால் சேர்க்கை ஆணைகள் வரவில்லை. பயிற்சி நிலையத்துக்குப் போன பிள்ளைகளே இடங்களையெல்லாம் நிரப்புகிறார்கள் என்று மற்றப் பெற்றோர்கள் கல்வி வாரியத்திடம் முறையிட்டிருந்தார்கள். வாரியம் மேட்டுப் பள்ளியின் மண்டபத்தில் பொதுக் கூட்டம் வைத்தது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. தேர்வையே ஒழித்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் முதல் சில மாணவர்களை எடுங்கள் என்றது ஒரு பக்கம். அதை எதிர்த்து அண்ணன் எழுந்தார். "பள்ளிக்கூடம் எடுத்துக் குடுக்கணும்னா வாத்தியாருக்குப் பிடிச்ச பிள்ளைதான் வரும். தேர்வு ஒண்ணுதான் முகம் பார்க்காது, அப்பன் யாருன்னு கேட்காது. அதையும் புடுங்கிட்டா ஏழை வீட்டுப் பிள்ளைக்கு என்ன இருக்கு?" அவர் சொன்னதில் உண்மை இருந்தது. கைதட்டலும் கிடைத்தது.

அப்போதுதான் தராசம்மா எழுந்தார். "தேர்வு வேணுமா வேண்டாமான்னு பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கறேன். இந்தத் தராசை யாராவது சோதிச்சிருக்கீங்களா? ஒரே விடைத்தாளை நாலு ஆசிரியர்கிட்ட குடுங்க. நாலு பேரும் ஒரே மார்க் போட்டா நான் உட்கார்ந்துக்கறேன்."

"தங்கச்சி, இது காய்கறிக் கடை இல்ல" என்றார் அண்ணன். மண்டபம் சிரித்தது.

"காய்கறிக்கே இவ்வளவு பார்க்கறோமே அண்ணே, பிள்ளைங்களுக்குப் பார்க்க வேண்டாமா?"

இந்த முறையும் மண்டபம் சிரித்தது, வேறு விதமாக. பள்ளியின் தலைமை ஆசிரியை நேர்மையானவர். சோதிப்பதில் தடையில்லை என்றார். கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருந்த விடைத்தாள்களை நான்கு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்த ஏற்பாடாயிற்று.

அடுத்த கூட்டத்தில் தலைமை ஆசிரியை முடிவைப் படித்தார். நால்வருக்குமிடையே ஒரு மதிப்பெண்கூட வேறுபாடு இல்லாத தாள்களே மிகுதி. அண்ணன் எழுந்து தங்கையின் பக்கம் கும்பிட்டார். "முத்திரை குத்திடும்மா, தராசு சரியாத்தான் இருக்கு." தராசம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றி உட்கார்ந்துகொண்டார். மகளின் முகத்தில் உயிர் வந்தது.

மறுநாள் சந்தையில் ஒரு மளிகைக் கடை மேசைத் தராசின் மூலையில் கல்லை வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கல்லின் தலையில் அதன் எடை பொறிக்கப்பட்டிருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துவரும் எண்தான். தராசுக்குக் கண் இல்லை. அந்த எண் கல்லின்மேல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் அதை மறைக்கவேண்டும் என்று எந்த முத்திரை ஆய்வாளருக்கும் தோன்றியதில்லை. நால்வரிடம் கொடுத்த விடைத்தாள்களிலோ, தேர்வு முடிந்ததும் முதலில் திருத்தியவர் போட்ட சிவப்பு மதிப்பெண்கள் அப்படியே இருந்தன. திருத்திய நால்வருக்கும் கண் இருந்தது.

"என்னம்மா, தராசுல கோளாறா?" என்றார் மளிகைக்காரர்.

"உங்க தராசு நல்லாத்தான் இருக்கு. கோளாறு எங்கிட்ட."

வீட்டில் சொன்னபோது, தையல் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த கணவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "நம்ம பொண்ணு கரையேறிட்டா. இப்ப எதுக்கு நீ தண்ணியைக் கலக்கற? நீ வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேங்க."

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் கோட்டுக்கு மேல ஒரு மார்க் வாங்கியிருக்கேன்ல? அது என்னோடதுதானே?"

"உன்னோடதா இல்லையான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத்தான் கண்டுபிடிக்கணும்கறேன்."

"கண்டுபிடிச்சு என்னோட இடம் போச்சுன்னா?"

தராசம்மா மழுப்பவில்லை. "போகலாம். போனா என்மேல கோபப்படு, தாங்கிக்கறேன். ஆனா பழுதுன்னு தெரிஞ்ச தராசுக்கு நான் முத்திரை குத்த மாட்டேன். உனக்காகவும் குத்த மாட்டேன்."

அன்று மாலையே தலைமை ஆசிரியையைப் பார்த்துத் தன் தவறைச் சொன்னார். மதிப்பெண்களை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து, நகல் எடுத்து, வேறு நான்கு ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். இம்முறை முடிவைப் படித்த தலைமை ஆசிரியையின் குரல் இறங்கியிருந்தது. ஒரே தாளுக்கு ஒருவர் 168 போட்டிருந்தார், இன்னொருவர் 162. பல தாள்களில் அதே கதை.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ திருத்தறவங்களுக்குப் பயிற்சி குடுங்க. தேர்வு மேல பழி போடாதீங்க."

"குடுங்க, அதைத்தான் நானும் சொல்றேன். தேர்வை ஒழிக்கச் சொல்லல அண்ணே. இந்தத் தராசு ஆறு மார்க் வரைக்கும் ஆடுது. ஆடற இடத்துல இவன் மேல, அவள் கீழன்னு சொல்ற யோக்கியதை அதுக்கு இல்ல. ஆறு மேல, ஆறு கீழ, அதுக்குள்ள இருக்கற பிள்ளைங்களுக்குக் குலுக்கல் போடுங்க. அதைத் தாண்டினவங்களுக்கு நேரா இடம் குடுங்க."

"அறிவுக்குக் குலுக்கலா? சூதாட்டம்னு சொல்லு!"

"இப்பவும் சூதாட்டந்தான். யார் கையில தாள் போச்சுங்கறதுல ஆடறோம். வெளிச்சத்துல ஆடலாம்கறேன். குலுக்கல்ல விட்ட பிள்ளையை மக்குன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

வாரியம் அவ்வாண்டே அதை ஏற்றது. குலுக்கல் நாளன்று தராசம்மா பெட்டியின் அருகே போகவில்லை. தாயாக வந்தவர் பெற்றோர் வரிசையில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. முன்வரிசையில் ஒரு சிறுமி கூவிக்கொண்டு எழுந்தாள், மருத்துவமனைச் சலவையகத்தில் வேலை செய்தவரின் மகள், 160 வாங்கியவள். மகளின் எண் கடைசிவரை வரவில்லை.

"நிம்மதியா இப்போ? என் மருமகளோட இடத்தைத் தூக்கித் தானம் பண்ணிட்டே" என்றார் அண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது.

"அவ இடம்னு நிரூபிக்க முடியலையே அண்ணே. முடிஞ்சிருந்தா உங்களுக்கு முன்னாடி நான் சண்டை போட்டிருப்பேன்."

மகள் இருவரையும் விட்டு முன்னால் நடந்தாள். அந்தக் கோடை முழுவதும் தாயிடம் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னாள். தராசம்மா கெஞ்சவில்லை, தாங்கிக்கொள்வதாகச் சொன்னதைத் தாங்கிக்கொண்டார். மகள் வீட்டருகே இருந்த சாதாரண உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே ஆய்வகப் பூட்டின் சாவி பெரும்பாலும் காணாமற்போயிருக்கும். சேர்ந்த முதல் மாதமே அந்தச் சாவிக்காகத் தலைமை ஆசிரியரிடம் தனியாகப் போய் வாதாடிவிட்டு வந்தாள். கேட்ட அண்ணன், "ஆத்தாளைப் போலவே வந்து வாய்ச்சிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பின்னாளில் மகள் கட்டடப் பொறியாளரானாள். ஆனாலும் தாய்க்கும் மகளுக்கும் வழக்கு முடியவில்லை. "அந்த ஒரு மார்க் என்னோடதும்மா" என்பாள், நரை தோன்றிய பிறகும். "காட்டு, ஒத்துக்கறேன்" என்பார் தாய். இருவரும் சிரிப்பார்கள், ஒருவரும் இறங்கிவரமாட்டார்கள்.

தராசுக்கு முத்திரை ஒரு முறை குத்தியதோடு வேலை முடிவதில்லை. காலம் தவறாமல் மறுபடியும் சோதிக்கவேண்டும். இதை மேட்டுப் பள்ளிக்கும் அவர் பழக்கிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டுதோறும் போய், நான்கு ஆசிரியர்கள் திருத்திய தாள்களை அருகருகே வைத்து ஒப்பிடுவார். திருத்துவோருக்குக் கொடுத்த பயிற்சியால் ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. இனி மூன்று மேல், மூன்று கீழ் போதும், குலுக்கலில் நிற்கும் பிள்ளைகள் குறையட்டும் என்று கணக்கோடு எழுதி, கையெழுத்திட்டுப் பள்ளியில் கொடுத்தார். அதுவே அவர் கடைசியாகச் செய்த சோதனை. நாள் 9 மார்ச் 2021.