மரத்துப்போன விரல்கள்

ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுவதற்கு முன்பும் நர்சம்மா என்னிடம் அதே மூன்று கேள்விகளைக் கேட்பார். வாந்தி வந்ததா, வாயில் புண் இருக்கிறதா, விரல்கள் மரத்துப் போகின்றனவா? முதல் இரண்டுக்கும் ஆமாம் என்பேன். மூன்றாவதற்கு மட்டும் இல்லை என்பேன். அது பொய் என்று வெகுநாள் வரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். வலை இல்லாமல், கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். தலை மட்டும் வெளியே தெரியும்படி தண்ணீரில் குந்தி நகர்ந்து, அடியில் இருக்கும் சேற்றை இரு கைகளாலும் துழாவுவோம். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. விரல் நுனிதான் எல்லாம். மார்கழிக் குளிரில் அந்த விரல்கள் மரத்துப்போகும். கரையேறி அடுப்பில் காட்டினால் சரியாகும். அதைப் போய் ஆஸ்பத்திரியில் எவளாவது வியாதி என்று சொல்வாளா?

மார்பில் இருந்த கட்டியை அறுத்து எடுத்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ என்றார்கள். ஆரம்பாக்கத்தில் ரயிலேறி சென்னைக்குப் போவோம். துணைக்கு என் அண்ணன் மனைவி வருவாள். பிறந்த வீட்டில் என்னை அதட்ட உரிமையுள்ள ஒரே ஆள் அவள்தான். தலைமுடி கொத்தாக உதிர்ந்தபோது மருந்து என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன். மூன்று வார இடைவெளிகூட ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம் என்பதால்தான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்களே என்ற வீம்பு.

நான்காவது கீமோ முடிந்த வாரம், அண்ணி கொண்டுவந்த இறாலை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரலில் இறாலின் முள் ஆழமாகக் கிழித்து, தட்டில் இருந்த இறாலெல்லாம் சிவந்து கிடந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. தண்ணீரில் இறங்கி மாதக்கணக்காகிறது, அப்புறம் எந்தக் குளிரில் மரத்தது இந்த விரல்? அண்ணி மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டே என்னைத் திட்டித் தீர்த்தாள்.

அடுத்த முறை நர்சம்மா வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"இவ சொல்ல மாட்டா. வெரல் செத்துப் போய்க்கீது. கிழிஞ்சி ரத்தம் ஊத்துது, இவளுக்குத் தெரியல."

டாக்டரம்மா வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். முதலில் காயத்தைப் பார்த்தார். இந்த நேரத்தில் கீறல் பட்டாலே அலட்சியமாக இருக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் கேட்காமல் விட்டதையெல்லாம் அவரே சொன்னார். வேகமாகப் பெருகுவதை அடிக்கிற மருந்து இது. கட்டி வேகமாகப் பெருகும், தலைமுடியும் வாயின் உள்தோலும் ரத்தத்தின் அணுக்களும் அப்படித்தான். எது கெட்டது எது நல்லது என்று பிரித்துப் பார்க்க மருந்துக்குத் தெரியாது. அடிபட்ட நல்லவை மறுபடி எழுந்து நிற்கத்தான் அந்த மூன்று வாரம். விரல் விஷயம் வேறு. இப்போது ஏற்றும் மருந்து நரம்பின் நுனிகளையும் பதம் பார்க்கும். முன்பே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது.

"மேடம், எனக்கு வெரல்தான் கண்ணு. அது திரும்பி வருமா, வராதா?"

நிறையப் பேருக்கு மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடும், உங்களுக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மழுப்பாமல் சொன்னதால் அவரைப் பிடித்துப்போனது. மருந்தின் அளவைக் குறைத்தார். மீதி கீமோவில் கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கேட்காததையும் சொன்னேன், நர்சம்மா கையெடுத்துக் கும்பிடும் அளவுக்கு.

எல்லாம் முடிந்து, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்து, தலையில் அரை விரல் நீளத்துக்கு முடி வளர்ந்த பிறகுதான் ஏரியில் இறங்க டாக்டரம்மா சம்மதித்தார். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார். அதற்கு மட்டும் சரி என்று தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கினேன்.

பிடித்த இறாலைப் போட ஓலையில் முடைந்த பறி வைத்திருப்போம். துழாவ இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வோம். ஏரிக்குள் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு மணி நேரம் துழாவியும் என் விரலுக்கு எல்லாம் வெறும் சேறாகவே இருந்தது. நான் வெறும் பறியோடு கரையேறக் கூடாது என்று அண்ணி தன்னுடையதிலிருந்து இரண்டு பிடி அள்ளி என் பறியில் போட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதிகம் மரத்திருந்த வலது கையை விட்டுவிட்டு இடது கையை மட்டும் முன்னே அனுப்பினேன்.

மோதிர விரலில் ஏதோ உராய்ந்தது. மீசை. இன்னும் கொஞ்சம் தள்ளி, ஓட்டின் வழவழப்பு. சேற்றோடு சேர்த்து அமுக்கினேன். உள்ளங்கைக்குள் அது உதைத்த ஒவ்வொரு உதையும் எனக்குத் தெரிந்தது.

என் முகத்தைப் பார்த்த அண்ணி, தன் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னாடி, தெரியுதா?"

"தெரியுது அண்ணி" என்றேன்.

என் வாயிலிருந்த பறி தண்ணீரில் விழுந்து கவிழ்ந்தது. அவள் போட்ட இரண்டு பிடி இறாலும் போயே போய்விட்டது. அண்ணி ஏரி முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டினாள். நான் கையில் இருந்ததை விடவில்லை.