மெஷினுக்குப் பொறுக்கிக் கொடுத்த பழம்

போன வாரம் ஓசூரில் எங்கள் கம்பெனிக்கு ஒருவர் வந்து, போல்ட்டில் விரிசல் இருந்தால் கண்டுபிடிக்கும் கேமராவைக் காட்டினார். கொண்டுவந்த பத்து போல்ட்டையும் அது பிசகில்லாமல் பார்த்துச் சொன்னது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கோ மாம்பழ வாசனை மூக்கில் ஏறியது. "இந்தப் பத்தையும் பொறுக்கினது யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். மனுஷர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே நீங்கள்!

வாசனைக்குக் காரணம் உண்டு. டிப்ளமோ முடித்த கையோடு கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். வேலை தெரியாது, சட்டைப் பையில் இரண்டு பேனா மட்டும் இருந்தது. பெல்ட்டில் வரும் பெங்களூரா ரக மாம்பழத்தில் அழுகலையும் காயையும் பன்னிரண்டு பெண்கள் பொறுக்கி எறிவார்கள். அவர்களுக்குத் தலைமை ஸ்டெல்லாக்கா. வாய் என்னைக் கிண்டலடித்துக்கொண்டே இருக்கும், கை தன்பாட்டில் ஓடும்.

முதலாளிக்குத் தரம் பிரிக்கும் மெஷின் மேல் ஆசை. ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று என்னை எழுதித் தரச் சொன்னார். என் தலைக்கனத்தைக் கேட்கவா வேண்டும்!

மெஷினோடு பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெளியூர்க்காரர் முன்னால் மானம் போகக்கூடாதென்று, நல்ல பழமாகப் போடச் சொன்னேன். பெண்களும் விருந்தாளிக்குப் பரிமாறும் அக்கறையோடு காம்பு கிள்ளி, மண் துடைத்துக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். பாவம், அதற்கும் வேலை வேண்டுமே என்று கன்னங்கரேலென்ற அழுகல் நாலு சேர்த்தார்கள். நாலையும் மெஷின் பிடித்தது. 'தாராளமாக வாங்கலாம்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். மறுவாரம் பன்னிரண்டு பேருக்கும் வேலை இல்லை.

சீசன் சூடு பிடித்து, லாரியில் இலையும் காம்பும் மண்ணுமாய்ப் பழம் வந்ததும் மெஷின் திணறியது. நல்ல பழத்தைத் தள்ளிவிட்டு இலையை உள்ளே அனுப்பியது. மெஷினுக்கு முன்னால் நின்று பழம் பொறுக்க அந்தப் பெண்களையே கூட்டிவரும்படி முதலாளி என்னை விரட்டினார்.

காவேரிப்பட்டினத்தில் தன் வீட்டுக்கு வந்த எனக்கு ஸ்டெல்லாக்கா காபி கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். வழக்கமான கிண்டல் வரவில்லை.

"அன்னிக்கு ஒரு நாளு அதுக்குப் பொறுக்கிக் குடுத்தோம் சார். அதுலயே எங்க வேலை போச்சு. இன்னொருக்கா எதுக்கு?"

வெட்கத்தோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். மற்றவர்களில் ஆறு பேர் வந்தார்கள், அவர் வரவே இல்லை.

இப்போது அந்த ஆலையில் இலையையும் பழத்தையும் பிரித்தறியும் புது மெஷின் ஓடுகிறது. நிஜமாகவே நல்ல மெஷின். இன்று கேட்டாலும் வாங்கச் சொல்லித்தான் எழுதுவேன். ஆனால் பேனாவைத் திறக்குமுன் பொறுக்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பேன். கேட்பதற்குத்தான் அந்தப் பெல்ட்டின் பக்கம் இன்று ஒருவரும் இல்லை.